கப்பல் பட்டியலில் பாட்டனார் இல்லையா? நேட்டால் தமிழ்க் குடும்பங்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பந்தி கலையும் நேரத்தில் யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வருவார். "பாட்டனார் பெயரைப் போட்டுத் தேடினேன், ஒன்றுமே வரவில்லை." தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் என்று பல வீடுகளில் உட்கார்ந்து இதே தேடலைச் செய்திருக்கிறேன். எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் ஏழெட்டுதான். உங்களுக்கு எந்த இடத்தில் தேடல் நின்றதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'டிரூரோ' டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை 384 பயணங்களில் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அதுதான் கொலோனியல் நம்பர். அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடலில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பதெல்லாம் இருக்கும். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்தக் கப்பல் பட்டியல்களை இணையத்தில் வைத்திருக்கிறது.

பெயர் பத்து விதமாக மாறும், எண் மாறாது. அதனால் கணினி முன் உட்காருவதற்கு முன்பே வீட்டில் அலமாரியைத் திறந்து எண்ணைத் தேடுங்கள். பழைய பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, ஒப்பந்தம் முடிந்தபோது கொடுத்த விடுதலைச் சீட்டு, ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியதற்காக மூன்று பவுன் வரி கட்டிய ரசீது என்று எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். எண் கிடைத்துவிட்டால் கீழே இருப்பதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

## பெயரைப் போட்டால் ஒன்றுமே வரவில்லை

### அவர் கப்பலில் வந்தவர்தானா?

நான் பார்த்தவரை அதிகம் நடப்பது இதுதான். இங்கேயே பிறந்தவரைக் கப்பல் பட்டியலில் தேடுவோம். 1860-இல் தொடங்கிய வரவு இது. 1890-களில் பிறந்த பாட்டனார் தோட்டத்திலேயே பிறந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இறப்புச் சான்றில் பிறந்த இடம் நேட்டால் என்றோ கொலோனியல் பார்ன் என்றோ இருந்தால், அவரை விட்டுவிட்டு அவருடைய அப்பா அம்மாவைத் தேடுங்கள்.

### குடும்பப் பெயரை வைத்துத் தேடுகிறீர்களா?

கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி, படையாச்சி என்று இன்று நாம் போட்டுக்கொள்ளும் பெயர்களைப் பட்டியலில் பெரும்பாலும் பார்க்க முடியாது. அங்கே இருப்பது ஒற்றைப் பெயர், பக்கத்தில் தகப்பன் பெயர். குடும்பப் பெயர் என்பது பிறகு பிள்ளைகளைப் பதியும்போதும் பள்ளியில் சேர்க்கும்போதும் வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே குடும்பப் பெயரை எடுத்துவிட்டு ஒற்றைப் பெயரை மட்டும் போடுங்கள்.

உங்கள் குடும்பப் பெயரே முன்சாமி, பெருமாள், வீராசாமி, சின்னப்பன் என்று இருந்தால் உங்களுக்கு வழி இன்னும் எளிது. அது கப்பலில் வந்தவருடைய சொந்தப் பெயராகவோ அவருடைய அப்பா பெயராகவோ இருக்கும். முதலில் பெயர் பத்தியிலும், கிடைக்காவிட்டால் தகப்பன் பெயர் பத்தியிலும் அதையே போட்டுப் பாருங்கள்.

### எழுத்துக்கூட்டல்

இங்கே பொறுமை வேண்டும். நம் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவர்கள் குமாஸ்தாக்கள். அந்தக் காலத்து ஆங்கிலக் கூட்டல் இன்றைய கூட்டல் அல்ல. 'அ' ஒலிக்கு யூ எழுத்தைப் போட்டார்கள். 'உ' ஒலிக்கு இரண்டு ஓ. 'ஈ' ஒலிக்கு இரண்டு இ. க-வுக்குப் பல இடங்களில் கே-க்குப் பதில் சி. குப்பன் என்ற பெயர் சி எழுத்தில் தொடங்கி இரண்டு ஓ வந்து 'கூப்பென்' ஆகிவிடும். அவரைக் கே எழுத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. முனுசாமி 'மூன்சாமி' ஆவார், 'முனிசாமி' ஆவார். லட்சுமி 'லெச்மி' ஆவாள். பெருமாள் 'பெர்மால்' ஆவார். 'அன்' என்று முடியும் பெயர்களில் கடைசி ஏ எழுத்துக்குப் பதில் இ இருக்கும்.

நான் செய்வது இதுதான்: ஒரு தாளில் பெயரைத் தமிழில் எழுதி, அதைச் சத்தமாகப் படித்து, தமிழே தெரியாத ஒருவர் கேட்டால் எப்படி எழுதுவார் என்று ஏழெட்டு விதம் எழுதிக்கொள்வேன். பிறகு ஒவ்வொன்றாக. வம்சாவளி தேடும் பேமிலிசர்ச் தளத்தில் சந்தேகமான எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி போடலாம். உயிரெழுத்து வரும் இடங்களில் எல்லாம் அதைப் போட்டால் பல வடிவங்களும் ஒரே தடவையில் வந்துவிடும். எங்கள் ஆயாவின் அப்பாவை நான் கண்டுபிடித்தது பதினோராவது எழுத்துக்கூட்டலில். எட்டாவதில் விட்டிருந்தால் இன்றுவரை கிடைத்திருக்காது.

### எல்லா வடிவமும் போட்டாயிற்று, இன்னும் இல்லை

ஒப்பந்தத்தில் வராமல் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள் உண்டு. பயணி இந்தியர் என்று அவர்களைச் சொல்வார்கள். பெரும்பாலும் குஜராத்தி வணிகர்கள் என்றாலும் தமிழர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கொலோனியல் நம்பர் கிடையாது, கப்பல் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். வீட்டில் 'மொரீஷியஸ்' என்ற பேச்சு எப்போதாவது அடிபட்டிருந்தால், அங்கிருந்து நேட்டாலுக்கு வந்த குடும்பமாக இருக்கலாம். அப்போது மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் கேட்க வேண்டும். மொரீஷியஸ் குடியேற்றப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன.

இதுவரை எதுவும் பலிக்கவில்லை, எண்ணும் இல்லை என்றால், இணையத்தில் இன்னும் உட்கார்ந்து பயனில்லை. இறப்பு, சொத்துக் கோப்புகள் வழியாகப் பின்னோக்கி வாருங்கள். அது ஐந்தாவது தலைப்பில் இருக்கிறது.

## ஒரே பெயரில் முப்பது பேர் வருகிறார்கள்

ராமசாமி, முனுசாமி, கோவிந்தன், மாரியாயி. இந்தப் பெயர்களைப் போட்டால் பக்கம் பக்கமாக வரும். வயதும் கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று முதலில் வந்தவரைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். இப்படிப் பிடித்த தவறான ஆளை இரண்டு வருடம் என் சொந்தக் குடும்ப மரத்தில் வைத்திருந்தேன். அவருக்கு மேலே நான் சேர்த்த ஊர், தகப்பன் பெயர் எல்லாமே அடுத்த வீட்டுக்காரருடையது.

முதலில் தகப்பன் பெயர். மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பது நம் வழக்கம். உங்கள் வீட்டில் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்பி வரும் பெயர் எது என்று பெரியவர்களைக் கேளுங்கள். அந்தப் பெயர் தகப்பன் பத்தியில் இருக்கும் ஆட்களை மட்டும் தனியே எடுங்கள். முப்பது நாலாகக் குறையும்.

அடுத்து, பக்கத்து எண்கள். குடும்பமாக வந்தவர்கள் பட்டியலில் அடுத்தடுத்து இருப்பார்கள். உங்கள் ஆள் என்று நினைப்பவருக்கு முன்னும் பின்னும் ஐந்து ஐந்து எண்களைப் பாருங்கள். மனைவி, குழந்தை, தம்பி என்று வீட்டில் சொல்லும் பெயர்கள் அங்கே இருந்தால் ஏறக்குறைய உறுதி.

மூன்றாவது, முதலாளி பத்தி. மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்புத் தோட்டத்தில் பிள்ளைகள் பிறந்த ஒருவரை டண்டீ நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பியதாகப் பட்டியல் சொன்னால், நின்று யோசியுங்கள். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்து இடம் மாறியிருக்கலாம். ஆனால் முதல் பிள்ளை ஒப்பந்தக் காலத்துக்குள் பிறந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

வயது, சாதி இரண்டையும் கடைசியில் வையுங்கள். வயது ஐந்து வருடம் முன்பின் இருக்கும். சாதி பத்தியோ, ஏறும் இடத்தில் அவர் சொன்னது அல்லது குமாஸ்தாவுக்குப் புரிந்தது. அதை வைத்து ஒருவரை ஒதுக்கவும் வேண்டாம், உறுதி செய்யவும் வேண்டாம்.

## எண் இருக்கிறது, ஆனால் ஆள் வேறு

வீட்டுச் சான்றில் உள்ள எண்ணைப் போட்டால் யாரோ ஒரு பெண் வருகிறார் என்றால், அது தாயின் எண். பிறப்புப் பதிவில் தாய், தகப்பன் இருவர் எண்ணும் இருக்கும். படியெடுக்கும்போது ஒன்று மட்டும் தங்கிவிடும். பிள்ளைக்கு என்று தனி எண் கிடையாது.

அப்படியும் இல்லை என்றால் கையெழுத்தைச் சந்தேகியுங்கள். ஒன்றும் ஏழும், மூன்றும் எட்டும், பூச்சியமும் ஆறும் மாறிப்போகும். ஒவ்வொரு இலக்கமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

எண்ணே காலத்தையும் சொல்லும். 1866-இல் வரவு நின்று 1874-இல்தான் மறுபடி தொடங்கியது. அந்த முதல் கட்டத்தில் வந்தவர்கள் ஏறக்குறைய 6,400 பேர். உங்கள் எண் அதற்குள் இருந்தால் 1866-க்குள் வந்தவர்; அதற்கு மேல் என்றால் 1874 அல்லது அதற்குப் பிறகு. 1,52,184-ஐத் தாண்டிய எண் என்றால் அது கொலோனியல் நம்பரே இல்லை, வேறு ஏதோ பதிவு எண்.

ஒருவருக்கு இரண்டு எண் இருப்பதும் நடக்கும். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டு மறுபடி கூலியாக வந்தவர்கள் இருந்தார்கள். திரும்பி வந்தவருக்குப் புது எண். ஒரே ஊர், ஒரே தகப்பன் பெயர், பத்து வருட இடைவெளி என்றால் இதை நினைவில் வையுங்கள்.

## பாட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை

பெண்களைத் தேடுவது கடினம். அதனாலேயே பலர் ஆண் வழியை மட்டும் எழுதி முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். கரும்புத் தோட்டத்தில் கணவனோடு சேர்ந்து வெட்டியவள், கூலியில் பாதிதான் கிடைத்தவள், அவளுக்கும் ஓர் எண் இருந்தது.

முதலில் கணவனின் எண்ணுக்குப் பக்கத்து எண்கள். அங்கே இல்லையென்றால் இருவரும் தனித்தனியாக வந்து இங்கே சந்தித்தவர்கள். அப்போது கல்யாணப் பதிவு வேண்டும். 1891-ஆம் ஆண்டின் 25-ஆம் சட்டத்தின்படி ஒப்பந்தக் கூலிகளின் கல்யாணங்கள் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவாகின. அந்தப் பதிவில் இருவர் எண்ணும் இருக்கும்.

பதிவு கிடைக்கவில்லையா? நம் முறைப்படி தாலி கட்டி, பதியாமல் விட்ட கல்யாணங்கள் ஏராளம். 1913-இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் அளித்த தீர்ப்பால் அப்படிப்பட்ட கல்யாணங்களுக்குச் சட்டத்தில் மதிப்பில்லாமல் போனது. பெண்கள் போராடிச் சிறைக்குப் போனது அதையும் எதிர்த்துத்தான். 1914-இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஏற்கனவே நடந்த கல்யாணங்களையும் பதிந்துகொள்ள வழி செய்தது. ஆகவே 1890-இல் பிள்ளை பெற்றவர்களின் கல்யாணச் சான்று 1914-க்குப் பிறகான தேதியில் இருந்தால் திகைக்க வேண்டாம். தேடும் வருடங்களை அதுவரை நீட்டுங்கள்.

அதுவும் இல்லையென்றால் பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகள், ஒன்று விடாமல். மூத்தவனுடையதில் தாயின் பெயர் 'அம்மாயி' என்று மட்டும் இருக்கும். நாலாவது பிள்ளையினுடையதில் முழுப் பெயரும் எண்ணும் வந்திருக்கும்.

## நடுவில் இரண்டு தலைமுறை காணவில்லை

கப்பலில் வந்தவர் கிடைத்தார், உங்கள் தாத்தாவையும் தெரியும், நடுவில் யார் என்று தெரியவில்லை. இங்கே கப்பல் பட்டியல் உதவாது. உங்களிடமிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும்.

செலவில்லாத வழி முதலில். பேமிலிசர்ச்சில் கணக்குத் தொடங்க இலவசம். நேட்டால் இறப்புப் பதிவுகளும் சொத்துக் கோப்புகளும் அதில் இருக்கின்றன. சில படங்களை அவர்களுடைய மையத்துக்கு நேரில் போனால்தான் பார்க்க முடியும்.

அப்புறம் தேசிய ஆவணக் காப்பகத்தின் நாயர்ஸ் தேடுபொறி. பிரிவில் நேட்டாலுக்கான என்ஏபி தேர்ந்தெடுங்கள். இங்கே குடும்பப் பெயர் போட்டுத் தேடலாம். முடிவில் எம்எஸ்சிஇ என்று மூல எழுத்துகள் வந்தால் அது ஒருவர் இறந்தபின் தொடங்கிய சொத்துக் கோப்பு. வெறும் இரண்டு ஐ எழுத்துகள் என்றால் இந்தியர் குடியேற்றத் துறைக் கோப்பு: புகார், விண்ணப்பம், மனு. பலர் இங்கே ஏமாந்துபோவது ஒரு காரணத்தால்தான். இந்தத் தளம் குறிப்பு எண்ணை மட்டும் காட்டும், ஆவணத்தின் படம் வராது. திரையில் தெரிவதை அப்படியே முழுக்க எழுதிக்கொள்ளுங்கள். கோப்பு பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இருக்கிறது.

சொத்துக் கோப்பில் இருக்கும் டெத் நோட்டீஸ் ஒரு தாள்தான். ஆனால் ஒரு குடும்பத்தின் கதையே அதில் இருக்கும். இறந்தவர் பிறந்த இடம், பெற்றோர் பெயர், மனைவி பெயர், கல்யாணமான பெண்கள் உட்பட எல்லாப் பிள்ளைகளின் பெயர். கேட்டோ மேனரில் வாழ்ந்து, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் சாட்ஸ்வொர்த்துக்கும் மற்ற இடங்களுக்கும் சிதறிய அண்ணன் தம்பிகள் ஒரே தாளில் வரிசையாக நிற்பதைப் பார்த்து அழுத பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தகவல் சொன்னது பெரும்பாலும் ஒரு மகன். பிள்ளைகள் பெயர் சரியாக இருக்கும். தாத்தா பாட்டி பெயரில் தவறு இருக்கலாம்.

சொத்தே இல்லாதவர்களுக்குக் கோப்பு இருக்காது. அப்போது கல்லறை. இன்று தகனம் செய்யும் குடும்பங்கள்கூட முன்பு புதைத்ததுண்டு. தென்னாப்பிரிக்க வம்சாவளி ஆர்வலர்களின் இஜிஜிஎஸ்ஏ தளத்தில் கல்லறைக் கற்களின் படத் தொகுப்பு இருக்கிறது. கல்லில் தமிழில் பெயர் இருந்தால் அதைவிட நல்ல சான்று இல்லை; ஆங்கிலத்தில் சிதைந்த பெயரின் உண்மை வடிவம் அங்கேதான் தெரியும். பழைய கோயில் சுவர்களில் உபயதாரர் பெயர்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையடிக்கும்போது பல போய்விட்டன.

### எப்போது ஆளை அமர்த்துவது?

குறிப்பு எண் கையில் இருக்கிறது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் போக முடியவில்லை. அப்போது காப்பகத்தில் தேடித்தரும் ஆய்வாளரை அமர்த்தலாம். குறிப்பு எண் இல்லாமல் "எங்கள் குடும்பத்தைத் தேடிக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். மணிக்கணக்கில் கட்டணம் ஏறும். ஒரு கோப்புக்கு எவ்வளவு என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள், எல்லாப் பக்கங்களின் படமும் வேண்டும் என்று சொல்லுங்கள்.

இருபதாம் நூற்றாண்டுப் பிறப்பு, இறப்புக்கு உள்துறை அலுவலகத்தில் சுருக்கச் சான்று வாங்கிப் பயனில்லை, அதில் பெற்றோர் விவரம் இருக்காது. வால்ட் காப்பி வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். அது பழைய பதிவேட்டின் படப்படி. இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்காகத் தேடுகிறவர்கள் முதலில் டர்பனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் எந்த ஆவணங்களை ஏற்பார்கள் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

## டி.என்.ஏ. முடிவு குழப்புகிறது

பரிசோதனைத் தளம் ஒருவரை 'செகண்ட் கசின்', அதாவது ஒரே பூட்டன் வழி வந்த உறவு என்று காட்டுகிறது, ஆனால் இரு வீட்டாருக்கும் பொதுப் பாட்டன் யாரும் தெரியவில்லை. காரணம் பெரும்பாலும் நம் கல்யாண முறை. அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்ட குடும்பங்களில் பொதுவான மரபுக்கூறு அதிகமாகத் தெரியும். தளம் கணக்கிடும் உறவைவிட உண்மை உறவு ஒன்றிரண்டு படி தள்ளி இருக்கும். ஆவணங்கள் தீர்ந்த பிறகு மட்டும் இதற்குப் பணம் செலவழியுங்கள்.

## ஊர்ப் பெயர் புரியவில்லை

முதலில் ஜில்லாவையும் தாலுகாவையும் தமிழாக்குங்கள். வாண்டிவாஷ் என்றால் வந்தவாசி. சிங்கல்பட் என்றால் செங்கல்பட்டு. காஞ்சீவரம் காஞ்சிபுரம், டிராங்குபார் தரங்கம்பாடி, டின்னவேலி திருநெல்வேலி. ஊரை விட்டுவிட்டுத் தாலுகாவைப் பிடிப்பதுதான் முக்கியம். புதூர் இல்லாத தாலுகா கிடையாது.

அடுத்து, எல்லைகள் மாறியிருக்கின்றன. வடஆற்காடு ஜில்லா என்று இருந்தால் இன்று அது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் எதிலும் இருக்கலாம். சித்தூர் 1911 வரை வடஆற்காட்டில்தான் இருந்தது, இன்று ஆந்திரம். சேலம் ஜில்லா என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல்லையும் சேர்த்துப் பாருங்கள். தென்னாற்காடு என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. வள்ளியம்மையால் நாம் எல்லோரும் அறிந்த தில்லையாடிகூடப் பழைய தஞ்சாவூர் ஜில்லா. இன்று மயிலாடுதுறை மாவட்டம்.

தாலுகா தெரிந்ததும், தமிழ்நாடு அரசின் பட்டா பார்க்கும் இணையச் சேவைக்குப் போங்கள். பட்டா எடுக்க வேண்டியதில்லை. மாவட்டம், வட்டம் தேர்ந்தெடுத்தால் கிராமங்களின் பெயர் தமிழில் வரிசையாக இறங்கும். பட்டியலில் உள்ள ஆங்கில வடிவத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அந்த வரிசையைப் படித்து வாருங்கள். பட்டு, பாக்கம், பட்டி, குப்பம் என்ற முடிவுகளைக் குமாஸ்தா மாற்றிக் குழப்பியிருப்பார். முன்பாதி ஒத்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வட்டத்தையும் பாருங்கள்.

மூன்று ஊர்களுக்கு மேல் சந்தேகம் வந்தால் இணையத்தில் இனி முடியாது. அந்தப் பக்கத்துக்காரர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துப் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லிக் காட்டுவது பல மாதத் தேடலை மிச்சப்படுத்தும். சிற்றூர்ப் பெயர் அவர்கள் வாயில்தான் இருக்கும், அரசுப் பட்டியலில் இருக்காது.

ஊர் உறுதியாகி நேரில் போகிறீர்கள் என்றால், அங்கே 1880-ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவு ஒன்று காத்திருக்கும் என்று எண்ணிப் போக வேண்டாம். கப்பல் பட்டியலின் அந்த ஒரு வரியைத் தமிழில் பெரிதாக எழுதி எடுத்துப்போங்கள்: பெயர், தகப்பன் பெயர், கிளம்பிய வருடம். கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள், ஆனால் அதற்கு முன் கோயில் பூசாரியைப் பாருங்கள். உங்கள் வீட்டில் இன்னும் கும்பிடும் குலதெய்வம் எது, எந்த மாதம் பொங்கல் வைக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். அதே தெய்வத்தைக் கும்பிடும் பங்காளி வீடுகள் எவை என்று அவருக்குத் தெரியும்.